வலைக்கண்ணும் பளிங்கும்: சாலகங்களைச் சமச்சீரால் வகுத்த கதை

ஆவணித் திருவிழாவுக்கு மருதமடு அன்னையிடம் வருகிறவர்கள் திரும்பும்போது ஒரு பிடி மண் கொண்டுபோவார்கள். பாம்புக்கடிக்கு மருந்து என்று தலைமுறைகளாக நம்பப்படும் மண் அது. அதே மண்ணைத் தண்ணீரில் அலசி, கலங்கலை வடித்து, அடியில் நிற்கும் மணிகளை வெயிலில் உலர்த்தி உருப்பெருக்கியின் கீழே பரப்பினால், மணல் பேசத் தொடங்கும். கண்ணாடிச் சில்லுபோல் மின்னுபவை குவார்ட்ஸ். மங்கலான வெள்ளையும் இளஞ்சிவப்பும் பெல்ஸ்பார். ஆங்காங்கே கறுப்பாக, கனமாகச் சில மணிகள்.

மடு நிற்பது 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழைய உருமாற்றப் பாறையின் மேல். மேற்கே மன்னாரை நோக்கிப் போகப்போக அந்தப் பாறை மயோசீன் காலச் சுண்ணாம்புக் கல்லின் கீழே மறைந்துவிடுகிறது. அதன்பின் உப்பளம், கடலுக்குள் முத்துச் சிப்பிப் பார்கள், மன்னார்த் தீவின் கரையோரக் கருமணல். மடு வீதி நிலையத்தில் புகையிரதம் ஏறி தலைமன்னார் இறங்குதுறையில் இறங்குவதற்குள், உலகத்துப் பளிங்குகளை அறிவியல் பிரித்துவைத்திருக்கும் ஏழு வகைகளையும் நாம் கடந்துவிடுகிறோம். உப்பும் கார்னெற்றும் கனசதுர வகை. கருமணலில் உள்ள ரூட்டைலும் சிர்க்கோனும் நாற்கோண வகை. முத்தின் அரகனைற் செஞ்சாய்சதுர வகை. உப்பளத்தில் உப்புக்கு முன் படியும் ஜிப்சம் ஒற்றைச்சரிவு. பாறையிலுள்ள பெல்ஸ்பார்களில் ஒரு பெரும் பிரிவு முச்சரிவு. குவார்ட்ஸும் சுண்ணாம்புக் கல்லின் கல்சைற்றும் முக்கோண வகை. அறுகோணத்துக்குத் தொலைவு போகவேண்டாம்: நம் பல்லிலும் எலும்பிலும் இருக்கும் அப்பறைற் அந்த வகைதான்.

இந்த ஏழு என்ற எண் எங்கிருந்து வந்தது? எதை வைத்துப் பிரித்தார்கள்? நிறம், பாரம், கடினம், வடிவம் என்று எத்தனையோ இருக்க, ஏன் சமச்சீர்?

நம்மிடம் இதற்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது. தமிழகப் பாடநூல்கள் படிகம், அணிக்கோவை என்று எழுதுவதை இலங்கைப் பாடநூல்கள் பளிங்கு, சாலகம் என்று எழுதுகின்றன. சாலகம் என்பதன் வேர் ஜாலம், அதாவது வலை. உயர்தர மாணவர் ‘சாலகச் சக்தி’ என்று மனனம் செய்யும்போது தன் வீட்டுத் திண்ணையில் காயும் வலையைத்தான் சொல்கிறார் என்பது பெரும்பாலும் அவருக்குச் சொல்லப்படுவதில்லை. சொல்லியிருந்தால் பாதிப் பாடம் அங்கேயே முடிந்திருக்கும்.

மன்னார்க் கரையில் பேசாலையிலோ வங்காலையிலோ வலை பொத்திக்கொண்டிருக்கும் ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். வலையின் ஒவ்வொரு கண்ணுக்கும் சம நீளத்தில் நான்கு நூல், நான்கு முடிச்சு. இப்போது நூலை மறந்துவிட்டு முடிச்சுகளை மட்டும் பாருங்கள். எந்த முடிச்சில் நின்று பார்த்தாலும் சுற்றிலும் ஒரே காட்சி. எல்லை இல்லாத வலை ஒன்றைக் கற்பனை செய்தால், கண்ணைக் கட்டி உங்களை இன்னொரு முடிச்சில் விட்டாலும் இடம் மாறியது தெரியாது. சாலகத்தின் இலக்கணம் இவ்வளவுதான்.

வலையை இருபுறமும் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். கண் முதலில் சாய்சதுரமாக இருக்கும். ஒரு முடிச்சில் ஊசி குத்தி அரைச்சுற்று திருப்பினால் முழு வலையும் தன்மேல் தானே பொருந்தும். கண்ணின் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் ஒரு கண்ணாடியை நிறுத்தினாலும் பொருந்தும். இன்னும் விரிக்க, கண்ணின் கோணம் 90 பாகையைத் தொடும் ஒரு கணம் வரும். அப்போது கால்சுற்றுத் திருப்பினாலும் பொருந்துகிறது. அதற்கு முன் இல்லாத ஒரு சமச்சீர் திடீரென்று பிறந்துவிட்டது. மறுபக்கமாக இறுக்கிக்கொண்டே போனால் கூர்ங்கோணம் 60 பாகையாகும் இன்னொரு கணம் வரும். அங்கே ஒவ்வொரு முடிச்சையும் சுற்றி ஆறு முடிச்சுகள் சம தூரத்தில் நிற்கும். ஆறில் ஒரு பங்கு சுற்றினாலே பொருந்தும். 61 பாகையில் அது இல்லை. 59இலும் இல்லை.

நான் சொல்லவந்ததன் கரு இதுதான். நீளமும் கோணமும் மெல்ல மெல்ல மாறுபவை. அவற்றுக்கு இடையில் கோடு கிழிக்க இயற்கையான இடம் எதுவுமில்லை. சமச்சீர் அப்படி மாறுவதில்லை. இருக்கும், அல்லது இல்லை. அதனால்தான் அதை வைத்துப் பிரித்தால் பிரிவுகள் உறுதியாக நிற்கின்றன. வலையின் இரண்டு பக்க நூல்களும் சம நீளம் என்பதையும் விட்டுவிட்டால் இன்னும் இரண்டு வகை சேரும்: நீளம் வேறாகச் செங்கோணத்தில் நிற்கும் செவ்வகம், நீளமும் கோணமும் எப்படியும் போகும் இணைகரம். ஆக ஒரு தளத்தில் ஐந்தே சாலகங்கள். கடலோரத்தில் எத்தனை வகை வலை இருந்தாலும், எத்தனை கோலங்கள் போட்டாலும், ஆறாவது இல்லை.

ஐந்து கோணச் சுழற்சி ஏன் வரவில்லை என்று கேட்கலாம். நட்சத்திரக் கோலம் போடுகிறோமே? ஒற்றை நட்சத்திரம் போடலாம். அதையே புள்ளி வரிசையாக முடிவின்றித் தொடர முடியாது. காரணத்தைக் கையாலேயே சரிபார்க்கலாம். ஒரு முடிச்சிலிருந்து மிக அருகில் உள்ள முடிச்சுக்கு ஓர் எட்டு வையுங்கள். ஐந்து கோணச் சமச்சீர் இருந்தால் அதே நீளத்தில் 72 பாகை இடைவெளியில் ஐந்து எட்டுகள் இருக்கவேண்டும். முதல் எட்டையும், ஒன்றைத் தாண்டி மூன்றாவது எட்டையும் அடுத்தடுத்து வைத்தால் நீங்கள் இன்னொரு முடிச்சில்தான் போய் நிற்கவேண்டும், ஏனெனில் எல்லா முடிச்சும் ஒன்றே. ஆனால் அந்த இடம் தொடங்கிய முடிச்சிலிருந்து 0.618 எட்டுத் தூரத்தில் இருக்கிறது. மிக அருகில் என்று நாம் எடுத்ததைவிட அருகில் ஒன்று! முரண். ஏழுக்கும் அதற்கு மேலும் இதே கதி. 2, 3, 4, 6 மட்டுமே தேறுகின்றன.

தளத்திலிருந்து கனவெளிக்கு ஏறியவர்கள் எல்லோரும் கல்லைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஏறினார்கள். 1669இல் நிக்கோலாஸ் ஸ்டெனோ குவார்ட்ஸைப் பார்த்து ஒன்று கவனித்தார்: பளிங்கின் முகங்கள் சிறிதாகலாம், பெரிதாகலாம், இரண்டு முகங்களுக்கு இடைப்பட்ட கோணம் மட்டும் மாறுவதில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து பிரான்சின் ரெனே ஜுஸ்ட் ஆயி கல்சைற் கட்டியொன்றைக் கைதவறிப் போட்டு உடைத்தபோது, சிதறிய துண்டுகள் எல்லாம் ஒரே சாய்முகக் கட்டிகளாக இருந்ததைக் கண்டார் என்பார்கள். கதை எப்படியானாலும், 1784இல் அவர் வெளியிட்ட கருத்து வலுவானது: உடைத்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரே வடிவச் செங்கற்கள் மிஞ்சும், அவற்றை அடுக்கித்தான் எல்லா முகங்களும் வந்தன. மன்னார்ப் பெருநிலத்தின் சுண்ணாம்புக் கல்லும் அந்தக் கல்சைற்றின் மிக நுண்ணிய மணிகளால் ஆனதுதான்.

செங்கல்லை விட்டுவிட்டுப் புள்ளிகளை மட்டும் எண்ணியவர் ஒகுஸ்ட் பிராவே. அவர் ஒரு கடற்படை அதிகாரி என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி. கயிறும் முடிச்சும் பழகிய கை. அவருக்குச் சில ஆண்டுகள் முன் ஜேர்மனியில் பிராங்கன்ஹைம் 15 சாலகங்கள் என்று கணக்கிட்டிருந்தார். அவற்றில் இரண்டு ஒன்றே என்று 1848இல் பிராவே காட்டினார். 14 என்ற எண் அன்றிலிருந்து நிற்கிறது.

இரண்டை ஒன்றாகத் தவறாக எண்ணுவதைவிட, ஒன்றை இரண்டாக எண்ணுவது மிக எளிது. கோலம் போடுபவர்களுக்கு இது சட்டென்று புரியும். நேர்ப்புள்ளிச் சதுரம் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு புள்ளி சேருங்கள். புதிய கோலம்போல் தோன்றும். தலையை 45 பாகை சாய்த்துப் பார்த்தால் மறுபடியும் நேர்ப்புள்ளிதான், கட்டம் சிறிதாகிவிட்டது, அவ்வளவே. ஆனால் நீளச் செவ்வகக் கட்டங்களின் நடுவில் புள்ளி வைத்தால் அது உண்மையிலேயே வேறு சாலகம். நம் சாய்சதுர வலை அதுதான். கனவெளியிலும் இதே கதை. நாற்கோண வகையில், எல்லா முகங்களின் நடுவிலும் புள்ளி வைத்த முகமைய அடுக்கு என்று தனியாக ஒன்று இல்லை, திருப்பிப் பார்த்தால் அது கட்டத்தின் நட்டநடுவில் புள்ளி வைத்த உடல்மைய அடுக்கே. செஞ்சாய்சதுர வகையில் மட்டும் வெறும் அடுக்கு, ஓர் எதிர்முக இணையில் மட்டும் புள்ளி வைத்த அடுக்கு, உடல்மையம், முகமையம் என்ற நான்கும் தனித்தனியாக நிற்கின்றன. கனசதுரத்தில் 3, நாற்கோணத்தில் 2, செஞ்சாய்சதுரத்தில் 4, ஒற்றைச்சரிவில் 2, முச்சரிவு, அறுகோணம், சாய்முகம் ஒவ்வொன்றிலும் 1. கூட்டினால் 14.

இந்த இடத்தில் நம் பாடநூல்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. ஏழு வகைகளையும் அவை ஓர் அட்டவணையாகத் தருகின்றன: பக்கங்கள் சமமா, கோணங்கள் 90ஆ என்று. நாற்கோண வகையில் ‘இரண்டு பக்கம் சமம், மூன்றாவது சமமல்ல’ என்று இருக்கும். அது தவறு. மூன்றாவது சமமாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை என்பதே சரி. ஒரு நாற்கோணப் பளிங்கின் மூன்று பக்கமும் தற்செயலாகச் சமமாக வந்தாலும் அது கனசதுர வகையாகிவிடாது. அளவு ஒத்துப்போவது வேறு, சமச்சீர் இருப்பது வேறு. அதேபோல, கனசதுர வகையின் அடையாளம் என்ன என்று கேட்டால் கால்சுற்றுச் சமச்சீர் என்றே பெரும்பாலானோர் சொல்வார்கள். பொய்த்தங்கம் எனப்படும் பைரைற் கனசதுரக் கட்டியாகவே வளர்கிறது. ஆனால் அதன் முகங்களில் ஓடும் கோடுகளைப் பாருங்கள், கால்சுற்றுத் திருப்பினால் கோடுகள் பொருந்தா. அதைக் கனசதுர வகையில் சேர்ப்பது மூலைவிட்டங்கள் நான்கின் வழியாகவும் போகும் மூன்றில் ஒரு பங்குச் சுழற்சி. அட்டவணை விளைவைச் சொல்கிறது, காரணத்தை மறைக்கிறது. பிள்ளைகள் அதைப் பரீட்சைக்கு முதல்நாள் மனனம் செய்து அடுத்தநாள் மறப்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னும் பெரிய குழப்பம் முக்கோண வகையில். சில நூல்கள் ஏழாவது வகையைச் சாய்முகம் என்கின்றன, சில முக்கோணம் என்கின்றன, இரண்டும் ஒன்றே என்பதுபோல. வேறு சில ஆறு வகைதான் என்று நிறுத்திவிடுகின்றன. மூன்று கணக்குக்கும் ஆதாரம் உண்டு, ஏனெனில் மூன்றும் வெவ்வேறு பொருளை எண்ணுகின்றன. மறுபடி வலைக்கு வருவோம். 60 பாகையில் நிற்கும் வலையில் முடிச்சுகளை மட்டும் பார்த்தால் ஆறு கோணச் சமச்சீர் இருந்தது. நூலையும் சேர்த்துப் பாருங்கள். நூல் இரண்டு திசையில்தான் ஓடுகிறது. மூன்றாவது திசையில் இல்லை. ஆறில் ஒரு பங்கு திருப்பினால் முடிச்சுகள் பொருந்தும், நூல் பொருந்தாது. சாலகத்துக்கு இருக்கும் சமச்சீர் எல்லாம் பளிங்குக்கு இருக்கவேண்டும் என்பதில்லை. மடு மண்ணின் குவார்ட்ஸ் இப்படித்தான்: அதன் சாலகம் அறுகோணம், அதன் பளிங்கு முக்கோணம். கல்சைற்றோ சாலகத்திலேயே சாய்முகம். ஒரு பளிங்கின் உள்ளமைப்புக்கு இருக்கும் சமச்சீர்கள் எல்லாம் சேர்ந்த தொகுதியை வெளிக்குழு என்பார்கள்; முக்கோண வகையில் மொத்தம் 25 வெளிக்குழுக்கள் உண்டு. அவற்றில் 18 அறுகோணச் சாலகத்தின் மேல் நிற்பவை, 7 மட்டுமே சாய்முகச் சாலகத்தின் மேல் நிற்பவை. பளிங்கை வகுக்கிறோமா, சாலகத்தை வகுக்கிறோமா என்று முதலில் சொல்லிவிட்டால் சண்டையே இல்லை. இரண்டிலும் ஏழு வருவது தற்செயல் ஒற்றுமை. அந்த ஒற்றுமைதான் இத்தனை மாணவர்களைத் தடுமாற வைக்கிறது.

நகராமல் ஒரு புள்ளியைச் சுற்றி மட்டும் நிகழும் சமச்சீர்களை ஜேர்மனியின் ஹெசல் 1830இல் எண்ணி 32 என்றார். பல பத்தாண்டுகள் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நகர்தலும் சுழற்சியும் கலந்த திருகு, நகர்தலும் கண்ணாடியும் கலந்த வழுக்கல் எல்லாவற்றையும் சேர்த்தால் வெளிக்குழுக்கள் 230. ரஷ்யாவின் பெதரோவும் ஜேர்மனியின் ஷொன்பிளீஸும் தனித்தனியே எண்ணி, கடிதங்களில் ஒருவர் தவறை மற்றவர் திருத்தி, 1891இல் அந்த எண்ணில் சந்தித்தார்கள். எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்படுவதற்கு நான்கு ஆண்டு முன்! அணுவைக் கண்ணால் காணும் வழி எதுவும் இல்லாத காலத்தில், அணுக்கள் அடுக்கப்படக்கூடிய வழிகள் இவ்வளவே என்று இருவர் தாளில் முடித்துவிட்டார்கள். மனித அறிவு செய்த மிக அழகிய காரியங்களில் ஒன்றாக இதை நான் மதிக்கிறேன்.

230ஐச் சிலர் 219 என்பதும் உண்டு. மன்னார் வளைகுடாவில் சங்கு குளித்தவர்களுக்கு அதன் காரணத்தை விளக்கத் தேவையில்லை. சங்குகள் ஏறக்குறைய எல்லாமே ஒரு பக்கமாகச் சுற்றுகின்றன; எப்போதாவது ஒன்று எதிர்ப்பக்கம் சுற்றி வலம்புரி என்று பெயர் பெறுகிறது. இரண்டும் ஒன்றன் கண்ணாடி நிழல்தான் மற்றது, ஆனால் எப்படித் திருப்பினாலும் ஒன்றின்மேல் மற்றது பொருந்தாது. வெளிக்குழுக்களிலும் அப்படிப் 11 இணைகள் உண்டு. இணையை இரண்டாக எண்ணினால் 230, ஒன்றாக எண்ணினால் 219. குவார்ட்ஸ் அத்தகைய இணை ஒன்றைச் சேர்ந்தது. ஆகவே மடு மண்ணில் இடக்கைக் குவார்ட்ஸும் வலக்கைக் குவார்ட்ஸும் இருக்கின்றன. சங்கைப்போல் ஒன்று அரிதல்ல. இயற்கையில் இரண்டும் ஏறத்தாழச் சரிபாதி. கவனிக்கவேண்டியது: சாலகத்துக்குக் கைப்பக்கம் கிடையாது. முடிச்சுகளுக்கு எப்போதும் மையச் சமச்சீர் உண்டு. முடிச்சில் என்ன கட்டித் தொங்கவிடுகிறோமோ அதற்குத்தான் இடமும் வலமும்.

தாளில் இருந்த எண்கள் கல்லுக்கு வந்தது 1912இல். இயற்பியலாளர் லாவேயின் தூண்டுதலில் மூனிக்கில் பிரீட்றிக்கும் நிப்பிங்கும் எக்ஸ் கதிரை முதலில் செலுத்தியது மயில்துத்தத்தின் ஊடாக. அது முச்சரிவு வகை, சமச்சீர் மிகக் குறைந்தது; புள்ளிகள் விழுந்தன, ஒழுங்கு தெரியவில்லை. கனசதுர வகையான துத்தநாக சல்பைட்டில் அழகான ஒழுங்கு விழுந்தது. ஆனால் வரவேண்டிய சில புள்ளிகள் வரவில்லை. சாலகம் வெறும் கனசதுரம் அல்ல, முகமையக் கனசதுரம் என்று கொண்டால் அந்தப் புள்ளிகள் வரக்கூடாதுதான் என்று கண்டவர் 22 வயது லோரன்ஸ் பிராக். 1913இல் அவர் உப்பின் உள்ளமைப்பைத் தீர்த்தார். பிராவேயின் பதினான்கில் எது என்பதை, வராத புள்ளிகள் காட்டிக்கொடுக்கின்றன.

உப்பளப் பாத்தியில் இதைக் கண்ணாலேயே தொடரலாம். கடல்நீர் ஐந்தில் ஒரு பங்காக வற்றும்போது ஜிப்சம் படியத் தொடங்குகிறது, பத்தில் ஒரு பங்காகும்போது உப்பு. காற்றில்லாத பிற்பகலில் பாத்தியின் மேற்பரப்பில் தலைகீழ்க் கூம்புபோல உள்ளே குழிந்த உப்புத் தோணிகள் மிதக்கும். பார்ப்பவர் அவற்றைக் கனசதுரம் என்று சொல்லமாட்டார். விளிம்புகள் வேகமாகவும் நடுப்பகுதி மெதுவாகவும் வளர்ந்ததால் வந்த கோலம் அது. உள்ளே சாலகம் அதேதான். வெளி வடிவம் வளர்ந்த சூழலைச் சொல்கிறது, சாலகத்தை நேரடியாகச் சொல்வதில்லை.

வெளி வடிவத்தை நம்பியதால் பெரிய அறிஞர்களும் வழிதவறியதுண்டு. வைரத்துக்கு ஒரே சமச்சீர் அல்ல, நான்முகிச் சமச்சீர் கொண்டவையும் எண்முகிச் சமச்சீர் கொண்டவையும் வெவ்வேறாக உண்டு என்று 1940களில் சி. வி. ராமன் வாதிட்டார். வைரங்களின் வளைந்த முகங்களும், சில அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சிச் சில உறிஞ்சாததும் அவருக்குச் சான்றுகளாக இருந்தன. பின்னர், 1959இல், உறிஞ்சும் வைரங்களில் நைதரசன் கலந்திருப்பதே வேறுபாட்டுக்குக் காரணம் என்று தெரியவந்தது. சாலகம் எல்லாவற்றிலும் ஒன்றே. ராமனின் முடிவு நிற்கவில்லை. ஆனால் பெங்களூரிலும் வால்டேரிலும் சென்னையிலும் பளிங்கியல் வேரூன்றியதில் அந்தத் தலைமுறையின் கேள்விகளுக்குப் பங்குண்டு. ராமனின் மாணவர் பகவந்தம் 1966இல் பளிங்குச் சமச்சீரும் பௌதிகப் பண்புகளும் பற்றி எழுதிய நூல் உலகெங்கும் படிக்கப்பட்டது. ஒரு பளிங்கின் மீள்தன்மையை முழுதாகச் சொல்ல எத்தனை எண் வேண்டும் என்று கேட்டால் சமச்சீரே பதில் சொல்லிவிடும்: முச்சரிவுக்கு 21, செஞ்சாய்சதுரத்துக்கு 9, கனசதுரத்துக்கு 3. அளந்து பார்க்கும் முன்பே! கைக்கடிகாரத்தில் குவார்ட்ஸ் துடிப்பதும் சமச்சீரின் வேலையே. மையச் சமச்சீர் இல்லாத பளிங்கை அழுத்தினால் மின்னேற்றம் பிறக்கலாம். உப்பில் மையச் சமச்சீர் இருப்பதால் எவ்வளவு அழுத்தினாலும் பிறக்காது.

நம்மவர் ஒருவரை இங்கே நினைக்கவேண்டும். ஆனந்த குமாரசுவாமியை நடராசர் வடிவத்தின் விளக்கவுரையாளராகவே தமிழர் அறிவர். சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனான அவர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் திணைக்களத்தின் முதல் பணிப்பாளராக இருந்தார். மறிச்சுக்கட்டிக் கரையில் 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் 8 கோடிச் சிப்பிகளுக்கு மேல் வாரிக் குவித்த அதே ஆண்டுகள். 1904இல் இரத்தினபுரிப் பக்கம் கிடைத்த கனமான கறுப்புக் கனசதுரங்களை அவர் முதலில் யுரானினைற் என்று கருதினார். பகுப்பாய்வு அவற்றைப் புதிய கனிமம் என்று காட்டியது. தோரியனைற் என்று பெயர் வந்தது. அந்தத் தடுமாற்றத்தில் அவர்மேல் குறையில்லை. இரண்டும் ஒரே சாலகம், ஒரே வெளிக்குழு, அணுக்களின் ஒரே அடுக்கு. யுரேனியம் இருக்கவேண்டிய இடத்தில் தோரியம். சமச்சீர் மட்டும் தெரிந்தவரால் இரண்டையும் பிரிக்கவே முடியாது.

இன்னும் வியப்பு: நம் உப்புக்கும் அதே முகமையக் கனசதுரச் சாலகம், அதே வெளிக்குழு. உப்பின் கட்டத்தின் பக்கம் 5.64 அங்ஸ்ட்ரோம், தோரியனைற்றுடையது 5.60. ஒன்று நாவில் கரைவது, மற்றது கதிர்வீசும் கறுங்கல். வேறுபாடு முழுவதும் கட்டத்துக்குள் அணுக்கள் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன, எந்த அணுக்கள் என்பதில். சமச்சீர் வகுப்பு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதற்கு இதைவிடத் தெளிவான இணையை நான் அறியேன். குமாரசுவாமி, கனிமவியலாளர் பிரையருடன் சேர்ந்து 1903இல் அறிவித்த இன்னொரு கனிமம் செரண்டிபைற், அது முச்சரிவு. அவர் பெயரோடு சேர்ந்த இரண்டு கனிமங்கள் ஏழு வகைகளின் இரண்டு முனைகளில் நிற்கின்றன.

எதிர்த்திசையிலும் ஒரு பாடம் உண்டு: ஒரே பொருள், இரண்டு சாலகம். அதைக் காட்டுவது மன்னார்ச் சிப்பி. ஓட்டின் வெளிப்படலம் கல்சைற், முக்கோண வகை. உட்புறத்து மினுங்கலும் முத்தும் அரகனைற், செஞ்சாய்சதுரம். வேதிப்பொருள் இரண்டிலும் கல்சியம் காபனேற்றுத்தான். ஒரே உயிர், ஒரே கடல்நீர், விரல் நகத்தின் தடிப்புக்குள் சமச்சீர் மாறுகிறது. அரகனைற்றின் நுண்தகடுகளை மின்னணு நுண்காட்டியில் பார்த்தால் அறுகோணம் போலவே இருக்கும். கல்சியம் அணுக்கள் ஏறத்தாழ அறுகோண ஒழுங்கில் நிற்பதால் வந்த தோற்றம். கோணத்தை அளந்தால் 60 அல்ல, ஏறத்தாழ 64. இழுத்த வலை 60ஐத் தொடாமல் நின்ற கதைதான். அந்த நான்கு பாகைக்குள் ஆறு கோணச் சமச்சீர் முழுவதும் போய்விட்டது. தகடு ஒவ்வொன்றின் தடிப்பும் அரை மைக்ரோமீற்றர் அளவில், ஒளியின் அலைநீளத்தோடு ஒத்திருப்பதால் அடுக்குகளுக்கிடையே நிறம் பிறக்கிறது. ராமன் சிப்பி ஓடுகளின் நிறத்தை 1930களிலும், முத்தோடு சேர்த்து மறுபடி 1950களிலும் ஆராய்ந்தார்.

மன்னார்த் தீவின் கருமணலைத் தோண்டுவதற்கு எதிராக அங்குள்ள மக்கள் நடத்தும் போராட்டம் செய்தியில் வரும்போதெல்லாம் இல்மனைற் என்ற சொல் அடிபடுகிறது. இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனிமம் அது. இரத்தினபுரி நீலக்கல்லின் அடுக்கும் இதன் அடுக்கும் ஏறத்தாழ ஒன்றே. நீலக்கல்லில் உலோக இடங்களில் எல்லாம் அலுமினியம். இல்மனைற்றில் ஒரு படலம் இரும்பு, அடுத்த படலம் டைட்டேனியம் என்று மாறிமாறி வருவதால், நீலக்கல்லுக்கு இருந்த வழுக்கல் கண்ணாடிச் சமச்சீர் இதில் இல்லாமல் போகிறது. சமச்சீர் குறைவதும் ஒரு தகவல்தான். எங்கோ ஒன்று மற்றதிலிருந்து வேறுபட்டுவிட்டது என்று அது சொல்கிறது. குவார்ட்ஸும் இப்படி ஒருமுறை இழந்திருக்கிறது: 573 பாகை செல்சியசுக்கு மேல் அது உண்மையான அறுகோணப் பளிங்கு. பாறை ஆறியபோது அணுக்கள் சிறிதே திரும்பி முக்கோணமாயின.

சாலகமே குலைந்துபோவதும் உண்டு. இலங்கைச் சிர்க்கோன் சிலவற்றில் கலந்துள்ள யுரேனியமும் தோரியமும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக உள்ளிருந்தே கதிர்வீசி அணுக்களை இடம்பெயர்த்துவிட்டன. வெளியே நாற்கோணப் பளிங்கின் முகங்கள், உள்ளே ஏறக்குறையக் கண்ணாடி. எக்கநாயக்க என்பவர் 1953இல் கண்டெடுத்து, 1961இல் எக்கனைற் என்று பெயரிடப்பட்ட கனிமமும் அப்படியே. இவற்றை எந்த வகையில் வைப்பது? கனிமவியலாளர் முன்பிருந்த சாலகத்தின் வகையிலேயே வைக்கிறார்கள். இறந்தவரை ஊர்ப்பெயரோடு நினைப்பதுபோல.

மறுபக்கத்தில், சாலகமே இல்லாமல் ஒழுங்கு இருக்கமுடியும் என்று 1982இல் டான் ஷெக்ட்மன் கண்டார். அலுமினிய–மங்கனீசுக் கலப்புலோகத்தில், வரவே முடியாது என்று நாம் மேலே எட்டு வைத்து நிறுவிய ஐந்து கோணச் சமச்சீர் மின்னணுப் படத்தில் பளிச்சென்று விழுந்தது. நம் நிறுவல் தவறவில்லை. அது சாலகத்துக்கு மட்டும் பொருந்துவது. இந்தப் பொருளில் ஒழுங்கு உண்டு, ஒரே கட்டம் திரும்பத் திரும்ப வருவது இல்லை. ஷெக்ட்மனை வெகுகாலம் ஏளனம் செய்தார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எஸ். ரங்கநாதன், கே. சட்டோபாத்யாய முதலியோர் 1985லேயே பத்துக் கோண வகை ஒன்றில் உழைத்துக்கொண்டிருந்தார்கள். 1992இல் உலகப் பளிங்கியல் சங்கம் பளிங்கின் வரையறையையே மாற்றி எழுதியது: கூர்மையான புள்ளிகளாகக் கதிரைச் சிதறச் செய்வது எதுவோ அது பளிங்கு. 2011இல் ஷெக்ட்மனுக்கு நோபல் பரிசு வந்தது. பிராவேயின் 14 அப்படியே நிற்கிறது. பளிங்குகள் எல்லாம் அந்தப் 14க்குள் அடங்கும் என்ற எண்ணம் மட்டும் போய்விட்டது.

எக்ஸ் கதிர் இல்லாமலே ஒரு சோதனை செய்யலாம். டப்ளினில் ரிச்சர்ட் டாஃபே 1945இல் பட்டைதீட்டிய கல்லொன்றை ஸ்பினல் என்று வாங்கிவந்து பார்த்தபோது அதன் உள்ளே கீறல்கள் இரட்டை இரட்டையாகத் தெரிந்தன. ஸ்பினல் கனசதுர வகை. கனசதுரப் பளிங்கில் ஒளி எல்லாத் திசையிலும் ஒரே வேகத்தில் போகும், இரட்டையாகத் தெரிய வழியில்லை. அந்த ஒரு முரணிலிருந்து டாஃபைற் என்ற புதிய அறுகோணக் கனிமம் அறியப்பட்டது. பின்னர் அது இலங்கைக் கற்களில் கிடைத்தது. அதே முரணை வீட்டில் தேடலாம். பழுதான கல்குலேட்டர் திரைகளிலிருந்து முனைவாக்கும் தாள்கள் இரண்டைக் கழற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக இருட்டாகும்படி குறுக்கே வையுங்கள். நடுவில் ஒரு சிட்டிகை மன்னார் உப்பும் ஒரு சிட்டிகை கழுவிய மடு மணலும் தூவி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, தாள்களை அசைக்காமல் மணிகளை மட்டும் மெல்லத் திருப்புங்கள். குவார்ட்ஸும் பெல்ஸ்பாரும் மின்னி அணையும், மறுபடி மின்னும். மெல்லிய விளிம்புகளில் நிறமும் காட்டும். உப்பு எப்படித் திருப்பினாலும் இருட்டாகவே கிடக்கும். மணலிலேயே சில சிவந்த மணிகளும் உப்போடு சேர்ந்து இருட்டில் கிடந்தால், அவை கார்னெற்.